முப்பத்தாறு டமார் உப்பு

என் மச்சான் இருபத்திரண்டு வருசமாக ஒரு வாளித் தொழிற்சாலையில் நூற்றெண்பது பேருக்குச் சமைத்துப் போட்டவன். அந்த இருபத்திரண்டு வருசத்தில் தான் சமைத்ததை ஒரு தடவைகூட நாக்கில் வைத்துப் பார்த்தது கிடையாது.

கேட்டால், "ருசி பார்த்துச் சமைக்கிறவன் காப்பியடிச்சுப் பரீட்சை எழுதுறவன் மாதிரி மாப்ள. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்பான்.

சரி, சமைக்கும்போதுதான் பார்க்கவில்லை, சாப்பிடும்போதாவது தெரியாதா என்றால், அதுவும் இல்லை. காலை ஆறரைக்கு அடுப்பு முன்னால் நிற்பவன் பதினொன்றரைக்குத்தான் நகர்வான். அதற்குள் வெங்காயம் வதங்குகிற வாசனையும் எண்ணெய் ஆவியும் மூக்கு வழியாகவே போய் வயிற்றை நிரப்பிவிடும். எல்லோருக்கும் பரிமாறி முடித்தபிறகு சமையலறை மூலையில் குத்தவைத்து ரெண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான் அவன் மதியச் சாப்பாடு. தான் சமைத்ததைப் பார்த்தாலே அவனுக்கு ஏப்பம் வரும்.

தொழிற்சாலையில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டமார் மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

பேர் வந்த கதை இது. கேன்டீன் சமையலறைக்கும் எங்கள் பிரஸ் பிரிவுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெரிய பிரஸ் மெஷின், அதை ஓட்டுகிறவன் நான். தகட்டை உள்ளே தள்ளுவேன், மேலிருந்து ஒரு யானை கனம் இறங்கும், டமார் என்று ஒரு சத்தம், வாளிக்கு அடிப்பாகம் ஒன்று கீழே விழும். நாலு விநாடிக்கு ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் அண்டாவில் கொதிக்காத தண்ணீர்கூட நாலு விநாடிக்கு ஒருதரம் வட்டம் போடும்.

இவன் முதலில் தண்ணீர் தூக்கத்தான் வந்தான். அப்போதிருந்த சமையல்காரருக்குச் சத்தம் தாங்கவில்லை. காதில் வைக்கப் பஞ்சு வாங்கிவருகிறேன் என்று ஒருநாள் காலையில் போனவர் இன்னும் பஞ்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கரண்டியை இவன் கையில் கொடுத்தார்கள். முதல் நாள், முதல் டமாருக்கே பருப்பு அண்டாவைக் காலில் கவிழ்த்துக்கொண்டான். பேர் ஒட்டிக்கொண்டது.

அளவு பாத்திரம் கிடையாது, தராசு கிடையாது, கடிகாரமும் கிடையாது. இருந்தது டமார் மட்டும்தான். அதையே அளவாக்கிக்கொண்டான். ஒரு டமாருக்கு ஒரு சின்னக் கை உப்பு. முதல் வாரம் இருபது டமார் போட்டான். "உப்பே இல்லய்யா" என்றார்கள். இருபத்தைந்து போட்டான். "மாஸ்டர், உப்பு விக்கிற கடை உங்க ஊர்ல இல்லியா?" என்றார்கள். ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய் மூன்றாவது மாதம் முப்பத்தாறு டமாரில் நின்றான். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வழித்துவிட்டுப் போனார்கள். அந்த முப்பத்தாறிலேயே நின்றுவிட்டான். வெங்காயம் வதங்க நாற்பது டமார், உருளைக்கிழங்கு வேக இருநூற்றுப் பத்து, டீக்கு இருபத்தெட்டு டமார் சர்க்கரை. சாப்பாட்டு நேரத்திலும் பிரஸ் நிற்காது. பாதிப்பேர் சாப்பிடும்போது பாதிப்பேர் வேலை பார்ப்போம், என் பந்தியில் பிரஸ்ஸை இன்னொருத்தன் ஓட்டுவான். ஆக, சமைத்ததும் டமாரில், தின்றதும் டமாரில்.

அந்தச் சாப்பாட்டில் மயங்கித்தான் நான் அவன் தங்கையைக் கட்டினேன். அண்ணன் கை இப்படியென்றால் தங்கை கை எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு. அவள் நன்றாகத்தான் சமைப்பாள், அது வேறு விசயம். ஆனால் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பாள்.

"எங்க அண்ணனுக்குச் சமைக்கத் தெரியும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நூத்தியெண்பது பேரு சொல்றானே."

"நூத்தியெண்பது பேருக்கும் நாக்குல ஏதோ கோளாறு."

அவள் சொல்வதிலும் ஞாயம் இருந்தது. மத்தியானம் அமிர்தமாக இருக்கிற அதே கறியைப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால், சாயங்காலம் வாயில் வைக்க முடியாது. கடல் தண்ணி. நான் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். அலுமினியத்தை மாற்றி எவர்சில்வர் வாங்கினேன். எவர்சில்வரை மாற்றிப் பீங்கான் வாங்கினேன். பீங்கானிலும் உப்பு. வழியில் வெயில் பட்டு உப்பு ஊறிவிடுகிறது என்று முடிவு செய்து, பாத்திரத்தை ஈரத்துணியில் சுற்றி, நிழல் பார்த்து நடந்து வந்திருக்கிறேன். பன்னிரண்டு வருசம் அப்படி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் ஓடாது. அன்றைக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேன்டீன் சாமான் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதுதான் வீடு. சத்தம் இல்லாத நாளில் அவனைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி வலதுகை மட்டும் நாலு விநாடிக்கு ஒருதரம் துடிக்கும். வாய் ஒரு கவளத்தை நாலு விநாடிக்கு ஒருதரம் மெல்லும். என் பெண்டாட்டியின் குக்கர் விசில் அடித்தால், ஷிப்டு முடிந்த சங்கு என்று நினைத்து எழுந்து போய்க் கையைக் கழுவுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் புது மேனேஜர் ஏறினார்.

நல்ல மனுசன், குறை சொல்லக்கூடாது. சத்தம் உடம்புக்கு ஆகாது என்று எங்கேயோ படித்திருக்கிறார். முதலில் தன் அறையைச் சுற்றி இரட்டைக் கண்ணாடி போட்டு, ஈ பறந்தால்கூடக் கேட்காத மாதிரி செய்துகொண்டார். அப்புறம் எங்கள்மேல் இரக்கம் வந்தது. ஒரு சனி ஞாயிறில் பழைய பிரஸ்ஸைக் கழற்றி வெளியே போட்டு, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற புது பிரஸ்ஸை மாட்டிவிட்டார். அது 'உஸ்' என்று இறங்கும், 'உஸ்' என்று ஏறும். பாம்பு வளர்க்கிற மாதிரி இருந்தது. என் வேலை பச்சைப் பொத்தானை அமுக்குவது. சாயங்காலம் சிவப்பு.

திங்கட்கிழமை மத்தியானம் முதல் பந்தியில் தொண்ணூறு பேர் உட்கார்ந்தோம். அந்த ஹாலில் கரண்டி தட்டில் படுகிற சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் இருப்பவன் விழுங்குவதுகூடக் கேட்டது.

பெயின்ட் பிரிவில் ஒருத்தன் உண்டு, மோப்பம் என்று கூப்பிடுவோம். எதையும் மூக்கில் வைத்துப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டான். தண்ணீரையே முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பான். அவன் தட்டை மூக்குக்கு நேரே தூக்கி, "வாசனை வழக்கம்போலத்தான் இருக்கு" என்று ஒரு வாய் போட்டான். கண் ரெண்டும் பிதுங்கியது.

"மாஸ்டர்! மூட்டையோட கொட்டிட்டீங்களா?"

அதற்குள் ஹால் முழுக்க இருமல். டீயைக் குடித்தவன் பாகு என்றான். சமையலறை வாசலில் என் மச்சான் கரண்டியோடு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"டமார் கேக்கல மாப்ள" என்றான் என்னிடம். "கை எங்க நிக்கிறதுன்னு தெரியாம ஓடிருச்சு."

மிச்ச வாளி என்று ஒன்று எங்கள் கேன்டீனில் உண்டு. தட்டில் மிஞ்சியதை எல்லாம் அதில் கொட்டவேண்டும். வழக்கமாக எட்டுக் கிலோ தேறும், பெரும்பாலும் எலும்பும் தோலும்தான். அன்றைக்கு எழுபத்துநாலு கிலோ. வாளித் தொழிற்சாலை என்பதால் வாளிக்குப் பஞ்சமில்லை, ஐந்து வாளி நிறைந்தது.

மேனேஜர் வந்து ஐந்து வாளியையும் பார்த்தார். கத்தவில்லை. சத்தமே பிடிக்காதவர் எப்படிக் கத்துவார்? மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை மிச்சம் இருபது கிலோவுக்கு மேல போச்சுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து வெளியிலேர்ந்து பொட்டலச் சாப்பாடு. கேன்டீனைப் பூட்டிடலாம்."

கேன்டீனைப் பூட்டினால் அதன் பின்னால் இருக்கிற அறையும் பூட்டுதான். அன்று வீட்டில் விசயத்தைச் சொன்னபோது என் பெண்டாட்டி கையிலிருந்த காயை அப்படியே வைத்துவிட்டாள்.

"அண்ணன் வேலை போச்சுன்னா எங்க போவாரு?"

"இங்கதான்."

"வந்து சும்மா உட்காருவாருன்னு நினைக்கிறீங்களா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"மூணு வேளையும் அவர்தான் சமைப்பாரு. வேண்டாம்னு சொன்னா அழுவாரு. ஏதாவது பண்ணுங்க. எங்க அண்ணனுக்காக இல்லைன்னாலும் நம்ம வயித்துக்காகப் பண்ணுங்க."

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. கோளாறு என்ன? டமார் இல்லை, அதனால் அளவு இல்லை. டமாருக்குப் பதில் நான் இருக்கிறேனே. புது மெஷினுக்கு நான் தேவைப்படவில்லை, பொத்தானை அமுக்கிவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போய்விட்டேன். வாட்சைப் பார்த்துக்கொண்டு நாலு விநாடிக்கு ஒருதரம் கையைத் தூக்கிக் கீழே இறக்கினேன், சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி. அவன் என் கையைப் பார்த்துப் பார்த்து உப்பைப் போட்டான். எண்ணி முப்பத்தாறு. நானும் எண்ணினேன், அவனும் எண்ணினான். ஒன்றுகூட ஏறவில்லை, குறையவில்லை. இருபத்திரண்டு வருசமாகப் போட்ட அதே உப்பு, அதே கை.

அன்றைக்கு எழுபது கிலோ.

"மாஸ்டர், எங்கமேல கோவம்னா நேரா சொல்லிடுங்க" என்றான் மோப்பம். "இப்படி உள்ளுக்குள்ள வச்சுப் பழி வாங்காதீங்க."

என் மச்சான் மூலையில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்திருந்தான். தின்னவில்லை. "அதே முப்பத்தாறு மாப்ள. நீயே எண்ணினே. உப்பு கம்பெனிக்காரன் ஏதாவது மாத்திட்டானா?"

மூட்டையைப் பார்த்தேன். போன மாதம் வந்த மூட்டைதான், பாதி ஆகியிருந்தது.

புதன்கிழமை கண்ணை மூடிக்கொண்டு குறைத்துப் பார்த்தான். எவ்வளவு குறைத்தான் என்று அவனுக்கே தெரியாது. சாப்பாடு மருந்துக்கடைக் கஞ்சி மாதிரி இருந்தது. அறுபத்தொரு கிலோ. அதில் வேடிக்கை, அன்றைக்குக் கேன்டீன் கடைசி மேசையில் இருந்த நாலைந்து பேர் மட்டும் "முந்தாநாள், நேத்தெல்லாம் பிரமாதம், இன்னைக்கு ஏன் இப்படிக் கெடுத்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று எல்லோரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை பழையபடி என் கையைப் பார்த்து முப்பத்தாறு போட்டான். வேறு வழி தெரியவில்லை. வழக்கமான இடத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டதால் நான் அந்தக் கடைசி மேசைக்குப் போனேன். அந்த மேசைக்குப் பின்னால்தான் காற்றழுத்துகிற கம்ப்ரசர் அறை. அது பத்து நிமிசம் ஓடும், ஐந்து நிமிசம் நிற்கும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது.

உட்கார்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் போட்டேன். அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். கறி பழைய கறி. அதே காரம், அதே உப்பு, போன வாரத்துச் சாப்பாடு. "மச்சான் பிழைச்சான்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. ரெண்டாவது வாய், மூன்றாவது வாய், அள்ளி அள்ளிப் போட்டேன். நாலாவது வாய் பாதி மெல்லும்போது கம்ப்ரசர் நின்றது.

வாயில் இருந்தது கடல் தண்ணியாக மாறிவிட்டது.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசையில் இருந்த மற்றவர்களும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஐந்து நிமிசத்தில் கம்ப்ரசர் மறுபடி ஓடியது. கன்னத்தில் இருந்ததை நாக்குக்குக் கொண்டுவந்தேன். கறி நன்றாக இருந்தது.

"நீங்க எப்பவும் நிறுத்தி நிறுத்தித்தான் சாப்பிடுவீங்களா?" என்று பக்கத்திலிருந்தவன் காதில் கத்தினேன்.

"ஆமாண்ணே. அது ஓடுறப்ப நல்லா இருக்கும். நின்னா ஒரு மாதிரி ஆயிடும். சூடு ஆறிடுதோ என்னமோ."

எனக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. காதுக்குள் இடி விழுந்தால் நாக்குக்கு ஏன் உப்பு தெரியாமல் போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருசமாக ஈரத்துணி சுற்றிய பாத்திரத்தோடு நிழலில் நடந்த என் கால்களை நினைத்தேன். ரொம்பக் கோபம் வந்தது.

நேராகச் சமையலறைக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன்.

"காதுக்கும் நாக்குக்கும் என்ன மாப்ள சம்பந்தம்? ரெண்டும் ஒரே தலைல இருக்குங்கிறதைத் தவிர?"

"நீ ஒரு வாய் தின்னு பாரு மச்சான்."

"நானா?"

"நீதான். உன் சமையலை நீதான் தின்னணும்."

கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்தான். அப்புறம் கரண்டியில் ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து, சாமானியமாக எல்லோரும் செய்கிற மாதிரி ஊதி, வாயில் போட்டான். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. அவன் கழுத்து நரம்பு அசைந்தது. விழுங்கினான். தண்ணீர்க் குவளையை எட்டி எடுத்தான், முழுக்கக் குடித்தான், இன்னொரு குவளை மொண்டான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.

ரெண்டாவது குவளையையும் முடித்துவிட்டு அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"இதையா இத்தனை வருசமாத் தின்னீங்க?"

"சத்தத்துல நல்லா இருந்துச்சு மச்சான். சத்தியமா."

"யாரும் செத்துப்போகலியே?"

"இல்ல. தண்ணிதான் கொஞ்சம் ஜாஸ்தி குடிப்போம்."

"அப்ப உப்பைக் குறைக்கணும்."

"குறைச்சிடு."

"எவ்வளவு?" என்று கையை விரித்துக் காட்டினான். "முப்பத்தாறைப் பிடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. நேத்து குறைச்சேன், கஞ்சின்னு சொன்னானுங்க. நாளைக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. ஒரு நாள்ல இந்தக் கைக்கு என்ன மாப்ள சொல்லிக்குடுக்க முடியும்?"

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வலதுகை மட்டும் நாலு விநாடிக்கு ஒருதரம் துடித்துக்கொண்டிருந்தது.

"உன் முப்பத்தாறை நீ போடு" என்றேன். "மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

பழைய பிரஸ்ஸின் அடித்தட்டு, நாலு விரல் தடிமன் இரும்பு, பின்பக்கம் ஓட்டை உடைசலோடு கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஷிப்டுக்கு முன்னால் நானும் மச்சானும் அதை உருட்டிக் கொண்டுவந்து, கேன்டீன் சுவருக்குப் பின்னால் இருக்கிற உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டோம். சம்மட்டி ஒன்று எடுத்துவைத்தேன். பதினொரு மணிக்குக் கையைத் தூக்கி இறக்கி மச்சானை முப்பத்தாறு போடவைத்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி மணி அடித்தது.

டமார்.

ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. டமார்.

ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல் ரெண்டு பந்தி. நிமிசத்துக்குப் பதினைந்து அடி. நூறு அடிக்குத் தோள் சூடானது. முன்னூறில் விரல் மரத்தது. ஐந்நூறுக்குமேல் நான் அடிக்கிறேனா இரும்பு என்னை அடிக்கிறதா என்று தெரியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதை அப்புறம் மோப்பம் சொல்லித்தான் தெரியும். அதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

முதல் டமாருக்கு எல்லோரும் சுவரைப் பார்த்தார்களாம். பழைய மெஷின் திரும்பி வந்துவிட்டது என்று ஒருத்தன் கைதட்டினானாம். மோப்பம் வழக்கம்போலத் தட்டை முகர்ந்து, பயந்து பயந்து ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். அப்புறம் அவன் தலையே தூக்கவில்லை. ஹால் முழுக்க யாரும் தலை தூக்கவில்லை. மறுசோறு கேட்டு வரிசை நின்றது.

அந்த நேரத்தில் மேனேஜர் வந்துவிட்டார். தினமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர், ஒரு மனுசன் வேலையை எடுப்பதற்கு முன்னால் அந்தச் சாப்பாட்டைத் தானும் தின்று பார்க்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். நியாயஸ்தர்தான். ஒரு தட்டு வாங்கினார். சத்தம் பொறுக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டோடு தன் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கேன்டீனிலிருந்து பார்த்தால் அந்த அறை தெரியும். ஒரு வாய் போட்டார். எழுந்து தண்ணீர் குடித்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தார்.

"மாஸ்டர், என்ன இது? வாய்ல வைக்க முடியல!"

"இப்ப வச்சுப் பாருங்க சார்" என்றானாம் என் மச்சான்.

அங்கேயே நின்று இன்னொரு வாய் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். இன்னொரு வாய். அறைக்குத் திரும்பிப்போய்க் கதவைச் சாத்தி ஒரு வாய் போட்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி வெளியே வந்தார். இப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை கண்ணாடிக் கதவை ஒட்டி உள்ளேயே நின்றுகொண்டு, கதவைத் திறந்து ஒரு வாய், சாத்தி ஒரு வாய் என்று தின்றாராம். தொண்ணூறு பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். கடைசியில் தட்டு காலி.

அவர் ஹாலுக்கு வந்து, கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளை மாதிரி நின்று சொன்னாராம்: "இங்க நல்லா இருக்கு. கேபின்லதான் நல்லா இல்ல."

"அப்ப கேபினைத்தான் சார் பூட்டணும்" என்றான் மோப்பம்.

வாளியைத் தராசில் வைத்தார்கள். பதினோரு கிலோ. அதுவும் மீன் முள்.

பஞ்சு வைத்திருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பின்பக்கமாக யாரோ வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன். மேனேஜர். தொங்குகிற இரும்பைப் பார்த்தார், சம்மட்டியைப் பார்த்தார், வேர்வையில் நனைந்த என்னைப் பார்த்தார். பஞ்சை எடுத்தேன்.

"என்னய்யா பண்றே இங்க?"

"சமைக்கிறேன் சார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே கிடந்த கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இருபதில் ஆரம்பித்து முப்பத்தாறில் நின்ற கதை, சாயங்காலம் வீட்டில் கடல் தண்ணியாகிற கறி, கம்ப்ரசர், எல்லாம். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"சத்தமே கூடாதுன்னுதான்யா இந்த மெஷினை வாங்கினேன்."

"மெஷின் சத்தம் போடல சார். நான்தான் போடறேன்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். அதில் அவருக்கு என்ன சமாதானம் கிடைத்ததோ, எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கேன்டீன் வழக்கம்போல நடக்கும். பிரஸ் ஆபரேட்டர் காலை பதினொன்று முதல் பகல் ஒன்றரை வரை கேன்டீன் பிரிவில் பணிபுரிவார். என்ன பணி என்று போட்டிருக்கவில்லை. பதினொன்று என்று ஏன் போட்டார் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மச்சான் உப்புப் போடுகிற நேரம் அது. மனுசன் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

ஆக, என் மச்சானுக்கு வேலை இருக்கிறது, அறை இருக்கிறது, அளவு இருக்கிறது. என் பெண்டாட்டி அன்றைக்கு இனிப்புச் செய்தாள், அண்ணனை அடுப்புப் பக்கம் வரவிடாமல். நூற்றெண்பது பேரும் பழையபடி தட்டை வழிக்கிறார்கள். புது மெஷினைப் பார்க்க வெளியூரிலிருந்து யாராவது வந்தால், அதன் அமைதியைக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, பின்பக்கம் என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேன்டீன் வேலை என்று மேனேஜரே சொல்லிவிடுகிறார்.

ஒருத்தன் விசயம் மட்டும்தான் யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அடிக்கவேண்டும். நான் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டோடு உட்காரும்போது ஒன்றரை மணி. ஹாலில் ஆள் இல்லை. தட்டில் ஈ நடந்தால் கேட்கும். முதல் வாரம் முழுக்க நான் ஒரு வாய்க்கு ஒரு குவளை தண்ணீர் குடித்துத்தான் சாப்பிட்டேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவன் மறுபடி அந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவான்.

அவன் வாழைப்பழத்தை உரித்தபடி மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எட்டாவது நாளோ என்னமோ, பழத்தை வைத்துவிட்டு எழுந்தான். பெரிய அண்டா மூடியைத் தூக்கி வந்து என் எதிரில் மேசைமேல் நிறுத்தினான். இடதுகையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலதுகையில் சாதக் கரண்டியை எடுத்தான். அது நாலு விநாடிக்கு ஒருதரம் துடிக்கிற கைதானே, புதிதாக ஒன்றும் கற்கவேண்டியிருக்கவில்லை.

டமார் என்று அடித்தான். நான் ஒரு வாய் வைத்தேன். இன்னொரு டமார். இன்னொரு வாய். இரும்புத் தட்டு அளவுக்கு வராது, மூடி மூடிதான். ஆனாலும் கறி கறியாக இருந்தது. அவன் என் வாயையே பார்த்தான்.

"உப்பு எப்படி மாப்ள?"

மென்று பார்த்தேன்.

"ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு. இன்னும் கொஞ்சம் ஓங்கி அடி."